ஊசி ஏறாமல் காட்டித் தந்தவன்

அன்புள்ள சகோதரிகளே, எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. இது நடந்து வருசங்கள் போய்விட்டன. ஆனாலும் யாராவது ஒருத்தி என்னிடம் வந்து "துஆ கேட்டு என்ன நடக்கப் போகுது" என்று அலுத்துக்கொண்டால், அவளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு நான் இந்தக் கதையைத்தான் தொடங்குவேன். எனக்கு வாய் நீளம் என்று என் உம்மாவே சொல்வா. அந்த நீளமான வாயை அல்லாஹ் எதற்காகத் தந்தான் என்று இப்போது எனக்கு விளங்குகிறது.

எண்பத்து நாலாம் வருசம். நோன்புக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. எனக்குக் கலியாணம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிடுவார். என் மச்சானும், அதாவது என் புருசன் அஸீஸும், அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாப்பாவின் வயல் நாவிதன்வெளியில். சிறுபோகத்துக்கு உழவு தொடங்கிய நேரம், மச்சானும் வாப்பாவோடு வயலுக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

புது மருமகன் என்றால் எங்கள் ஊரில் எப்படி இருப்பார் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாமனாருக்கு முன்னால் வாய் திறக்கவே மாட்டார். வாப்பா விறாந்தையில் இருந்தால் மச்சான் பின்பக்கத்தால்தான் வெளியே போவார். வாப்பா ஏதாவது கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு ஒரு "ஓம்". அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரே வண்டியில் வயலுக்குப் போய் ஒரே வண்டியில் திரும்பி வருவார்கள், வழி நெடுக ஒரு சொல் இருக்காது. மாடுகள்கூட அவர்களை விட அதிகம் கதைத்திருக்கும். அது மரியாதை. அந்த மரியாதைதான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது.

ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டிருந்த மச்சான் திடீரென்று கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முதலில் வெற்றிலைச் சாறு என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அன்று அவர் வெற்றிலையே போடவில்லை. கட்டி கட்டியாக இரத்தம். ஒரு சட்டி நிறையும். நான் போட்ட சத்தத்தில் அயல் முழுவதும் ஓடி வந்தது. வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வேனுக்குள் அவர் கை குளிர்ந்துகொண்டே வந்தது. எனக்குத் தெரிந்த குர்ஆன் ஸூறாக்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வாயில் வந்தன.

இரத்தம் ஏற்றினார்கள். அல்லாஹ்வின் கிருபையால் வாந்தி நின்றது. மறுநாள் காலை டொக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கி நிற்கிறது, இது ஈரல் வருத்தம் என்றார். பிறகு வாட்டில் எல்லாரும் கேட்கும்படி ஒரு கேள்வி கேட்டார். "குடிக்கிற பழக்கம் இரிக்கா? ஒளிக்காமச் சொல்லுங்க."

நான் அந்த நேரம் தண்ணீர் எடுக்க வெளியே போயிருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது வாப்பா. மாமனாருக்கு முன்னால் அந்தச் சொல்லைக் கேட்டதே மச்சானுக்குப் பெரிய வெட்கம். மூன்று மாதமாக மாமாவுக்கு முன்னால் ஒரு வசனம் பேசாதவர், அந்தப் பேச்சுக்கு மட்டும் எப்படி வாய் திறப்பார்? தலையைக் குனிந்துகொண்டார். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. டொக்டர் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார். வாப்பாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நான் தண்ணீரோடு திரும்பி வரும்போது கதை முடிந்துவிட்டது. பின்னேரம் பார்க்க வந்தவர்கள் போன பிறகு ஊருக்குள்ளும் கதை போய்விட்டது. வயல் வாடிக் குடிசையில் இருந்து என்ன குடித்தானோ, பள்ளிவாசலில் முன் வரிசையில் நின்றவன் பாருங்களேன், பாவம் அந்தப் பிள்ளை என்றெல்லாம். நெருப்பு வைக்கோலில் பிடித்தால்கூட இவ்வளவு கெதியாகப் பரவாது.

வாப்பா என்னோடு கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்த இடத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"புள்ள, நீ ஒரு நாளாவது மருமகன்ட வாயில மணம் கண்டியா?"

அப்படியே பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது போல இருந்தது. இல்லை வாப்பா, அல்லாஹ் அறிய இல்லை என்று அழுதேன். வாப்பா தலையை ஆட்டினார். ஆனால் என் கண்ணைப் பார்க்கவில்லை. நான் புருசனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார். மச்சானிடம் போய், ஏன் வாய் திறக்கவில்லை என்று சண்டை பிடித்தேன். "மாமா நிக்கிறாரே புள்ள" என்றார், அந்தப் படுக்கையிலும். எனக்கு வந்த ஆத்திரத்தில் தலையணையைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. ஆனால் அது ஆஸ்பத்திரித் தலையணை.

அங்கே இதற்கு மேல் ஒன்றும் செய்ய ஏலாது என்று கொழும்புக்கு அனுப்பினார்கள். வாப்பாவும் நானும் கூடப் போனோம். மருமகனைப் பற்றி மனதுக்குள் என்ன நினைத்தாரோ தெரியாது, ஆனால் வாப்பா அவரை ஒரு நாளும் விட்டுவிடவில்லை. இதையும் சொல்ல வேண்டும். வழியில் தூக்கி இறக்கினது, வாயைத் துடைத்துவிட்டது எல்லாம் அவர்தான். பேசவில்லை, அவ்வளவுதான்.

கொழும்பில் பெரிய டொக்டர் பார்த்தார். தமிழ் தெரிந்த ஒரு தாதி மிஸி எங்களுக்கு விளங்கப்படுத்தினா. குடலில் இருந்து ஈரலுக்கு இரத்தம் கொண்டு போகிற பெரிய குழாய் ஒன்று இருக்கிறதாம். அதில் பிரஷர் கூடிவிட்டதால்தான் இரத்தம் வேறு வழி தேடி, தொண்டைக்குக் கீழே உள்ள குழாய்களை வீங்க வைத்து உடைத்துக்கொண்டு வருகிறதாம். அந்தப் பிரஷர் எவ்வளவு, எங்கே அடைத்திருக்கிறது என்று தெரிந்தால்தான் வைத்தியம் செய்யலாமாம்.

வாப்பா நியாயமான ஒரு கேள்வி கேட்டார். "கையில பட்டி கட்டிக் காத்தடிச்சுப் பாக்கிற மாதிரி, வயித்தச் சுத்திப் பெரிய பட்டியொண்டு கட்டிப் பாக்க ஏலாதா, மிஸி?"

மிஸி சிரித்துவிட்டா. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னா, அந்தக் குழாய் உள்ளே ஆழத்தில் இருக்கிறது, பட்டிக்கு எட்டாது, விலாவுக்குள்ளால் நீளமான ஊசியை மண்ணீரலுக்குள் இறக்கித்தான் அளக்க வேண்டும் என்று. சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னா. வீங்கின மண்ணீரல் இவரின் இரத்தத்தைக் கெடுத்து வைத்திருக்கிறது, இரத்தம் கெதியாக உறையாது, ஊசி ஏறின ஓட்டையால் உள்ளுக்குள் இரத்தம் போகக்கூடும், அதனால் வீட்டார் கையெழுத்து வேண்டும் என்று.

அதைக் கேட்டதும் விறாந்தை வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். வாப்பா கையில் பேனை. அதைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். ஊசி குத்தாவிட்டால் வருத்தம் என்னவென்று தெரியாது, வைத்தியம் இல்லை, அடுத்த வாந்தியில் போய்விடுவார். குத்தினால் குத்தின இடத்திலேயே போகலாம். இரண்டு பக்கமும் கிணறு. நாளைக் காலை சொல்கிறோம் என்று வாப்பா பேனையைத் திருப்பிக் கொடுத்தார்.

கொழும்பிலேயே மருதானையில் வாப்பாவின் தெரிந்த ஆள் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தோம். அங்கே போய் முகம் கை கால் கழுவி வுளூச் செய்து, பின்னேரத் தொழுகையான அஸரைத் தொழுதேன். தொழுது முடித்துப் பாயை மடிக்கவில்லை. சகோதரிகளே, நான் ஓதிப் படித்த பெரிய ஆள் இல்லை. அறபில் நீளமாகத் துஆக் கேட்க எனக்கு வராது. எங்கள் பாசையிலேயே கேட்டேன், சண்டை பிடிக்கிற மாதிரிக் கேட்டேன்.

"யா அல்லாஹ், உள்ள என்ன இரிக்கெண்டு பாக்க மனிசருக்குத்தான் ஊசி வேணும். உனக்கு வேணாம். என்ட மச்சானிட மேல்ல ஊசி ஏறாம உள்ள இரிக்கிறதக் காட்டித் தா. அவர்ர பேரையும் துடைச்சுத் தா."

இதே வார்த்தைகள்தான். வேறொன்றும் கேட்கவில்லை, இதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்த வீட்டுக்காரப் பெண் வந்து, இப்படியெல்லாமா கேட்பது, அல்லாஹ்வுக்கு வழி சொல்லிக் கொடுக்கிறாயா, சுகத்தைக் கேள், போதும் என்றா. எனக்கு வேறு மாதிரிக் கேட்கத் தெரியவில்லை. மச்சான் சுகமானால் நோன்பு பிடிப்பதாகவும் நேர்ந்துகொண்டேன். அழுது முடிய, மழை விட்ட மாதிரி மனது அமைதியாகிவிட்டது. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாப்பா கையெழுத்துப் போடுவது என்று முடிவெடுத்துத்தான் வந்திருந்தார். பெரிய டொக்டர் வந்தார். கையெழுத்தைக் கேட்பார் என்று பார்த்தால் மிஸியிடம் ஏதோ சிங்களத்தில் சொன்னார். மிஸி எங்கள் பக்கம் திரும்பினா, முகம் மலர்ந்திருந்தது. ஸ்கேன் என்று ஒரு புது மெசின் வந்திருக்கிறது, பிள்ளைத்தாச்சிகளுக்குப் பார்க்கிறதாம், சத்தத்தை உள்ளே அனுப்பி அது திரும்பி வருவதை வைத்துப் படம் காட்டுமாம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு டொக்டர் அம்மா, அதால் வயிற்றுக்குள் இருக்கிற இரத்தக் குழாய்களையும் பார்க்கலாம் என்று சொன்னாவாம். முதலில் அதைப் பார்ப்போம், ஊசியைப் பிறகு யோசிப்போம் என்றாராம் பெரிய டொக்டர்.

நான் மிஸியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அது குத்துமா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. மேலால தடவுறதுதான்."

அல்லாஹு அக்பர். சகோதரிகளே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இப்படி ஒரு சாமான் உலகத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் ஊரில் யாருக்கும் தெரியாது. இல்லாத ஒன்றைக் கேட்கிறேன் என்றுதான் நான் கேட்டேன். கேட்ட நேரம் அது அடுத்த கட்டிடத்தில் தயாராக நின்றுகொண்டிருந்தது.

இனி நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். அந்த மெசின் பிள்ளைப்பேற்று வாட்டில் இருந்தது. அங்கே போனால், வயிற்றைத் தள்ளிக்கொண்டு பிள்ளைத்தாச்சிகள் வரிசையாக வாங்கில் இருக்கிறார்கள். நடுவில் என் மச்சான், சக்கரக் கதிரையில், சாரத்தைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்துக்கொண்டு. அவருக்கு வெட்கம் என்றால் சொல்ல ஏலாத வெட்கம். வாப்பாவுக்கு அதை விட வெட்கம், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முன்னால் இருந்த ஒரு சிங்களப் பெண், நிறைமாதம், மச்சானின் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பித் தன் இடத்தை எங்களுக்குத் தந்தா. அவவின் பாசை எனக்குத் தெரியாது, என் பாசை அவவுக்குத் தெரியாது. என் தலையைத் தடவிவிட்டுப் போனா. அவவுக்காக நான் இன்றைக்கும் துஆச் செய்கிறேன்.

டொக்டர் அம்மாவுக்குத் தமிழ் நன்றாக வந்தது. மச்சானின் வயிற்றில் பசை மாதிரி ஏதோ பூசினா. குளிருக்கு அவர் துள்ளினார். கையில் ஒரு கட்டையை வைத்து மேலால் மெதுவாக இழுத்தா. பக்கத்தில் சின்ன டீவி மாதிரி ஒன்றில் சாம்பல் நிறத்தில் மேகம் மேகமாக ஏதோ ஓடியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவவின் முகத்தை நான் விடவில்லை. அந்த முகம்தான் எனக்குப் படம்.

கொஞ்ச நேரம் பார்த்தா. நிறுத்தினா. திரும்ப அதே இடத்தைப் பார்த்தா. பிறகு எங்கள் பக்கம் திரும்பிக் கேட்டா.

"ஆர் சொன்னது இவருக்கு ஈரல் வருத்தம் எண்டு? ஈரல் பச்சைப் பிள்ளையிட ஈரல் போல இரிக்கி."

சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற வாப்பா திரும்பினார்.

டொக்டர் அம்மா விரலால் காட்டிக் காட்டிச் சொன்னா. ஈரலுக்கு வருகிற அந்தப் பெரிய குழாய் ஈரலுக்கு வெளியிலேயே எப்போதோ அடைபட்டுப் போயிருக்கிறது. அதற்குப் பதிலாகப் புழு மாதிரிச் சின்னச் சின்னக் குழாய்கள் வழி தேடிக் கிளம்பியிருக்கின்றன. மண்ணீரல் இவ்வளவு பெருத்திருக்கிறது, பக்கத்துக் குழாய்கள் இவ்வளவு தடித்திருக்கின்றன. உள்ளே பிரஷர் கூட என்பதற்கு இதை விட வேறு சாட்சி வேண்டாம், இலக்கம் எடுப்பதற்காக ஊசி குத்தத் தேவையில்லை என்றா. வாப்பா வயல்காரர் என்று தெரிந்ததும், மதகு அடைபட்டால் வாய்க்காலுக்குள் இறங்கி அளந்தா பார்ப்பீர்கள் என்று கேட்டா. இல்லை, வரம்பு எங்கே கசிகிறது, தண்ணீர் எங்கே ஏறி நிற்கிறது என்று கரையில் நின்று பார்த்தாலே விளங்கும் என்றார் வாப்பா. அதைத்தான் நானும் செய்தேன் என்றா டொக்டர் அம்மா.

பிறகு ஒன்று கேட்டா. "குழந்தையில இவருக்குத் தொப்புள் பழுத்ததா?"

மச்சானுக்குத் தன் தொப்புளின் வரலாறு எப்படித் தெரியும்? எனக்குத்தான் தெரியும். என் மாமி, அவரைப் பெற்றவ, கலியாண வீட்டிலேயே அதைப் பெருமையாகச் சொல்லியிருந்தா. நாற்பது நாள் கழிந்தும் மகனுக்குத் தொப்புள் காயவில்லை, சீழ் வடிந்து காய்ச்சலில் கிடந்தான், சாணிச் சாம்பலை அப்பி அப்பித்தான் பிள்ளையைக் காப்பாற்றினேன் என்று. நான் அதை அப்படியே சொன்னேன். டொக்டர் அம்மா மெதுவாகத் தலையாட்டினா. அந்தக் கிருமிதான் தொப்புள் வழியாக உள்ளே போய்க் குழாயை அடைத்திருக்க வேண்டும் என்றா. இருபத்தைந்து வருசமாக உடம்பு சத்தம் போடாமல் சமாளித்திருக்கிறது.

"அப்ப குடியால இல்லையா?" வாப்பா கேட்டார்.

"குடியா? இந்த ஈரலப் பாத்து ஆரும் அப்பிடிச் சொல்ல ஏலாது."

அப்போதுதான் அது நடந்தது. படுக்கையில், வயிறு முழுக்கப் பசையோடு, என் மச்சான் தலையைத் தூக்கினார். மூன்று மாதமாக அடைபட்டுக் கிடந்த மதகு திறந்தது. மாமனாரின் முகத்தை நேராகப் பார்த்துக் கதைத்தார்.

"மாமா, நான் என்ட வாழ்க்கையில ஒரு நாளும் அதத் தொட்டதில்ல. உங்களுக்கு முன்னால அந்தக் கதையக் கதைக்க எனக்கு வெக்கமா இருந்திச்சு. அதான் மாமா."

வாப்பா பக்கத்தில் போனார். அந்தப் பசை மேலேயே கையை வைத்துவிட்டார். "வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே மனே" என்றார். "நானும் கேட்டிருக்கலாம்."

இரண்டு ஆண்களும் அழுதார்கள். வெளியே பிள்ளைத்தாச்சிகள் என்ன நினைத்தார்களோ, உள்ளே யாருக்கோ பிள்ளை பிறந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நான் அந்த இடத்திலேயே, தொழுகிற திசை, கிப்லா, எந்தப் பக்கம் என்றும் கேட்காமல், நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதில் விழுந்தேன்.

பெரிய டொக்டர் ஊசியை வேண்டாம் என்றுவிட்டார். வாயால் குழாய் விட்டு, வீங்கின இரத்தக் குழாய்களுக்கு மருந்து ஏற்றி அவற்றைச் சுருங்க வைத்தார்கள். பல தடவை கொழும்புக்குப் போய் வர வேண்டியிருந்தது. பிரஷரைக் குறைக்கக் குளிசையும் தந்தார்கள், அதை இன்றைக்கும் போடுகிறார். ஈரல் நல்லபடி இருப்பதால் உடம்பு தாங்கும் என்றார்கள். தாங்குகிறது, அல்ஹம்துலில்லாஹ். இடையில் ஒரு தடவை திரும்ப இரத்தம் வந்து எங்களைப் பயமுறுத்தியது, அதையும் அல்லாஹ் கடத்திவிட்டான். மருந்து வேலை செய்தது, டொக்டர்மார் பாடுபட்டார்கள், அதை நான் மறுக்கவில்லை. அவர்களை எங்கள் முன் கொண்டு வந்து நிறுத்தியவன் யார் என்றுதான் சொல்கிறேன்.

ஊருக்குத் திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை வாப்பா மச்சானைக் கையில் பிடித்துப் பள்ளிக்குக் கூட்டிப் போனார். தொழுகை முடிந்து வாசலில் நின்று, போகிறவர் வருகிறவர் எல்லாரையும் மறித்து, என் மருமகனின் ஈரல் பச்சைப் பிள்ளையின் ஈரல் என்று சொல்லியிருக்கிறார். சந்தையிலும் சொன்னார். வயல் வாடியிலும் சொன்னார். முடி வெட்டப் போன இடத்திலும் சொன்னார். கடைசியில், ஓம் காக்கா, விளங்கிட்டு, வீட்டுக்குப் போங்க என்று அண்ணன் முறை சொல்லி ஊரே கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டது. நான் கேட்டது இரண்டு. இரண்டையும் அல்லாஹ் ஒரே தடவலில் தந்துவிட்டான்.

மாமிக்கு எப்படிச் சொல்வது என்றுதான் நாங்கள் தயங்கினோம். பெற்ற தாய், காப்பாற்றுவதாக நினைத்துச் செய்தது. மச்சான்தான் சொன்னார், அவவின் கையைப் பிடித்துக்கொண்டு. மாமி அன்று சாப்பிடவில்லை. "அப்ப நானா மனே?" என்று ஒரே ஒரு தடவை கேட்டா. இல்லை உம்மா, உங்களுக்குத் தெரியாது, அல்லாஹ் காப்பாற்றித் தந்துவிட்டானே என்று மச்சான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எண்பத்தாறில் எங்களுக்கு மகன் பிறந்தான். மாமி தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து என் கட்டிலடியில் பாய் போட்டுவிட்டா. பிள்ளையின் தொப்புளுக்கு அவ காவல். ஆறின வெந்நீரும் வெள்ளைத் துணியும் தவிர ஒன்றும் கிட்ட வரக்கூடாது. அயலில் ஒரு ராத்தா, மூத்த பொம்பிளை, பழைய பழக்கத்தில் கிண்ணத்தில் சாம்பலோடு வந்தா. மாமி அவவை வாசலிலேயே மறித்து, உட்கார வைத்து, முழுக் கதையையும் சொல்லித்தான் அனுப்பினா. தன் பிழையையும் மறைக்கவில்லை. நம்மூரில் இப்போது எத்தனையோ பிள்ளைகளின் தொப்புளை என் மாமியின் நாக்கு காத்துக்கொண்டிருக்கிறது.

மச்சானும் வாப்பாவும் இப்போது வயலுக்குப் போகும் வழியெல்லாம் கதைதான். தண்ணீர் முறை, விதைநெல், பள்ளிக் கணக்கு என்று இவர் பேசுகிற பேச்சில் வாப்பாவுக்கு வாய் திறக்க வழியில்லை. நான்தான் வாப்பாவுக்காகப் பரிதாபப்பட வேண்டியிருக்கிறது.

சகோதரிகளே, நான் நேர்ந்த நோன்பைப் பிடித்து முடித்துவிட்டேன். ஆனால் நன்றி முடியவில்லை. உங்கள் வீட்டில் வருத்தம் இருந்தால் வெட்கத்தில் மூடி வைக்காதீர்கள். டொக்டர் கேட்டால் வாயைத் திறந்து சொல்லுங்கள், யார் பக்கத்தில் நின்றாலும் சரி. அல்லாஹ்விடமும் அப்படித்தான். நடக்காது என்று நீங்களே முடிவெடுத்துவிட்டு, சின்னதாக, பத்திரமாகக் கேட்காதீர்கள். உங்களுக்குத் தெரியாத வழியையும் கேளுங்கள். அவனுக்குத் தெரியும்.

இதை எழுதும்போது மகன் முற்றத்தில் சட்டை இல்லாமல் ஓடித் திரிகிறான். அவன் தொப்புள் சுத்தமாகக் காய்ந்து, சின்னக் குழியாக இருக்கிறது. அவன் பின்னால் சட்டையோடு ஓடுவது அவன் வாப்பா. எட்டிப் பிடித்துத் தூக்கி, இரண்டு பேரும் மூச்சு வாங்கச் சிரிக்கிறார்கள்.